எதிரெதிரே 60-ல் மோதினால், சுவரில் 120-ல் மோதியதற்குச் சமமா? (4 மட்டன் பிரியாணி பந்தயம்)

மொட்டமாடி | ஞாயிறு, இரவு 9:12

மக்களே, ஒரு பஞ்சாயத்து. சாயங்காலம் டீக்கடையில எங்க அத்தானுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஒரே மாதிரி ரெண்டு கார், எதிரெதிரே 60 கி.மீ. வேகத்துல வந்து நேருக்கு நேர் மோதுது. ஒவ்வொரு காருக்கும் விழுற அடி, சுவத்துல 120-ல போய் மோதுன அடிதான்னு அத்தான் சொல்றாரு. இல்ல, 60-ல மோதுன அடிதான்னு நான் சொல்றேன். டீ மாஸ்டர்ல இருந்து பேப்பர் படிச்சிட்டு இருந்த தாத்தா வரைக்கும் எல்லாரும் அத்தான் பக்கம். ஏன்னு கேட்டா எனக்கு விளக்கத் தெரியல, எங்கயோ படிச்ச ஞாபகம் மட்டும்தான். பந்தயம் 4 பிரியாணி. கைவிட்றாதீங்க.

சர்வேகல் | ஞாயிறு, இரவு 9:20

இதுல பஞ்சாயத்துக்கு என்ன இருக்கு? 60-ம் 60-ம் 120. அத்தானுக்கு லெக் பீஸ் வச்சுக் கொடுங்க.

கொசுவத்தி | ஞாயிறு, இரவு 9:24

மட்டன்ல ஏதுய்யா லெக் பீஸ். இந்தக் கணக்கும் அப்படித்தான் இருக்கும்போல.

சாக்பீஸ்தூசி | ஞாயிறு, இரவு 10:05

பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இதே கேள்வியைக் கேட்கிறேன். வகுப்பில் முக்கால்வாசி அத்தான் கட்சிதான். அதனால் டீக்கடையில் தோற்றதற்கு வெட்கப்பட வேண்டாம். நீங்கள் சொன்னது சரி.

சூத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேட்டியை எடுங்கள். இரண்டு காரும் முட்டிக்கொள்ளப் போகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே அதைக் கட்டித் தொங்கவிடுங்கள். இந்தப் பக்கக் கார் வேட்டியை அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கும். அந்தப் பக்கக் காரும் அதே எடை, அதே வேகத்தில் இந்தப் பக்கம் தள்ளும். யார் ஜெயிப்பது? யாருமில்லை. வேட்டி தொங்கின இடத்திலேயே தொங்கும். காரின் முன்பக்கம் வேட்டி வரைக்கும் வந்து, அங்கேயே நசுங்கி நின்றுவிடும். அசையாத சுவரும் இதையேதான் செய்கிறது. வேட்டிக்குப் பின்னால் நிற்பது காரா கான்கிரீட்டா என்று இந்தப் பக்கத்துக் காருக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது எண்கள். 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் 0.07 நொடிதான். அந்த நேரத்தில் சராசரி எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பைப் போல் 24 மடங்கு வரும். 1000 கிலோ காரை 24 டன் விசை பிடித்து நிறுத்துகிறது. உயரமாகச் சொன்னால், 14 மீட்டர் மேலிருந்து விழுவதும் 60-ல் சுவரில் மோதுவதும் ஒன்று. ஏறக்குறைய நாலு மாடி.

120 என்றால் எட்டு மாடி என்று நினைத்துவிடாதீர்கள். 57 மீட்டர்! வேகம் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு. அத்தான் சொல்வதை ஒப்புக்கொண்டால் வரும் வித்தியாசம் அவ்வளவு பெரியது.

சர்வேகல் | ஞாயிறு, இரவு 10:31

வேட்டி கதை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ரெண்டு காரும் ஓடிட்டு இருக்கு, ரெண்டுக்கும் இயக்க ஆற்றல் இருக்கு. சுவர்ல மோதுறப்போ ஒரு காரோட ஆற்றல்தான். எதிரெதிரே மோதுறப்போ ரெண்டு காரோடது. அந்த இன்னொரு பங்கு எங்க போச்சு? ஆவியாப் போயிடுச்சா?

சாக்பீஸ்தூசி | ஞாயிறு, இரவு 10:48

நல்ல கேள்வி, இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். ஆற்றல் இரண்டு மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் நசுங்குவதற்கும் இரண்டு கார் இருக்கிறதே! இரண்டு பேருக்குச் சேர்த்து இரண்டு மடங்கு சோறு வடித்தால், ஒரு இலையில் இரண்டு மடங்கு சோறா விழும்? ஒவ்வொரு கார் கொண்டுவந்த ஆற்றலையும் அந்தந்தக் காரே நசுங்கித் தீர்த்துக்கொள்கிறது. 120-ல் சுவரில் மோதும்போதோ நாலு பேர் சோறும் ஒரே இலையில்.

கொசுவத்தி | ஞாயிறு, இரவு 10:52

யாராவது இனி "கிரிக்கெட்ல கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால இழுக்கிறோமே"ன்னு ஆரம்பிச்சீங்க, இழையை விட்டே ஓடிடுவேன். ஏழாங்கிளாஸ்ல இருந்து அதே பந்தைப் பிடிச்சிட்டு இருக்கோம்.

பனங்கட்டி | திங்கள், காலை 6:40

யாழ்ப்பாணத்தில இருந்து வணக்கம். ஆசிரியர் சொன்னது சரி, ஆனா அத்தானை அப்பிடியே விட்டிடாதேங்கோ. 120 எண்ட எண் சும்மா வரேல்லை. அதுக்கு ஒரு இடம் இருக்கு, அவர் அதைப் பிழையான இடத்தில வைச்சிட்டார்.

1600-களின்ர நடுவில நெதர்லாந்தில கிறிஸ்தியான் ஹைகன்ஸ் எண்டு ஒருத்தர். அவர் ஒரு படகை நினைச்சுப் பார்த்தார். கால்வாயில படகு குலுங்காமல் ஒரே வேகத்தில போகுது. படகுக்குள்ள ஒருத்தர் ஒரே மாதிரி ரெண்டு குண்டை நூலில பிடிச்சுக்கொண்டு, ரெண்டையும் ஒரே வேகத்தில எதிரெதிரே மோத விடுறார். படகில நிக்கிறவருக்கு அது 60-க்கு 60. இப்ப படகும் அதே வேகத்தில போனால் கரையில நிக்கிறவருக்கு என்ன தெரியும்? ஒரு குண்டு அசையாமல் நிக்குது, மற்றது ரெண்டு மடங்கு வேகத்தில வந்து அதில மோதுது. மோதல் ஒண்டுதான், பாக்கிற ஆள்தான் வேற.

அதால, 60-க்கு 60 மோதுறதும், ஹாண்ட்பிரேக் போடாமல் நிக்கிற அதே மாதிரிக் காரில 120-ல போய் மோதுறதும் அச்சொட்டா ஒண்டு. ரெண்டு காரும் ஒட்டிக்கொண்டு 60-ல இழுபடும். ஒவ்வொண்டின்ர வேகமும் 60-தான் மாறும். அத்தான் "நிக்கிற கார்" எண்டு சொல்லியிருந்தால் பிரியாணி அவருக்குத்தான். "சுவர்" எண்டிட்டார். கார் பின்னால போகும், சுவர் போகாது.

ஒரு சின்ன விசயம். நீங்கள் முடுக்கம் எண்டு எழுதுறதை நாங்கள் ஆர்முடுகல் எண்டு படிச்சனாங்கள். வேகம் குறைஞ்சால் அமர்முடுகல். எதிர்முடுக்கத்தை விட அது வடிவாய் இல்லையோ?

சாக்பீஸ்தூசி | திங்கள், காலை 7:15

அமர்முடுகல்! வண்டி அமர்கிறது சொல்லிலேயே கேட்கிறது. இன்றைக்கே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.

ஹைகன்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். அவருக்கு முன்னால் 1644-ல் டெகார்ட் மோதலுக்கென்று ஏழு விதி எழுதினார். அதில் ஒன்று, சும்மா நிற்கும் பெரிய பொருளைச் சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அசைக்கவே முடியாது என்கிறது. மோதின சின்னது அப்படியே திரும்பிவிடுமாம். தத்துவத்தில் அவ்வளவு பெரிய ஆள், ஒரு மத்தியானம் கோலிக்குண்டு ஆடியிருந்தால் அந்த விதியை அழித்திருப்பார். ஹைகன்ஸ் தன் முடிவுகளை 1669-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். முழு நூல் அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1703-ல்.

சர்வேகல் | திங்கள், காலை 11:02

சரி, ஒரே எடை கார்னா ஒத்துக்கிறேன். ரோட்டுல நமக்கு எதிர்ல வர்றது ஒரே எடையா? லாரி. நியூட்டன் மூணாம் விதிப்படி கார் மேலயும் லாரி மேலயும் ஒரே விசைன்னு சொல்லுவீங்க. ஒரே விசைன்னா லாரி டிரைவர் மட்டும் எப்படி சார் கீழ இறங்கி நின்னு போன் பேசுறாரு?

[மட்டுறுத்துநர்] | திங்கள், காலை 11:30

விபத்துப் படங்களைப் பதிந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கணக்கு மட்டும் போதும்.

சாக்பீஸ்தூசி | திங்கள், மாலை 5:20

விசை ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்கிற உடம்பு வேறு. பத்துப் பேர் பிடித்திழுக்கும் தேரைத் தள்ளுவதும் குழந்தையின் நடைவண்டியைத் தள்ளுவதும் ஒரே கைதானே? அசைவது எது?

லாரி 10 டன், கார் 1 டன். இரண்டும் 60, எதிரெதிரே. மோதி ஒட்டிக்கொண்டால் உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது, அழியாது. லாரிப் பக்கம் 600, கார்ப் பக்கம் 60, மிச்சம் 540. அதை மொத்த எடை 11 டன்னால் வகுத்தால் 49. அதாவது இரண்டும் சேர்ந்து லாரி வந்த திசையிலேயே 49 கி.மீ. வேகத்தில் போகும்.

லாரி 60-லிருந்து 49-க்கு இறங்கியது. மாற்றம் 11. அதன் டிரைவருக்கு, 11 கி.மீ. வேகத்தில் சுவரில் முட்டியதுபோல. கார் இந்தப் பக்கம் 60-ல் வந்தது, அந்தப் பக்கம் 49-ல் போகிறது. மாற்றம் 109! எடை பத்துக்கு ஒன்று, வேக மாற்றம் ஒன்றுக்குப் பத்து.

வேட்டியை இங்கே கட்டிப் பாருங்கள். லாரி அதைக் கிழித்துக்கொண்டு காரின் பக்கம் போய்விடும். அதனால், எதிரே வருவது லாரியாக இருந்தால் அத்தான் சொன்ன 120-க்கு மிகவும் கிட்டத்தில் வந்துவிடுகிறோம். கார் சிறுத்து லாரி பெருக்கப் பெருக்க 120-ஐத் தொட்டுவிடும். கண்ணாடியில் மோதுகிற கொசுவுக்கு அத்தான் கணக்குத்தான் சரி.

கொசுவத்தி | திங்கள், மாலை 5:26

எங்க ஆளுங்களை உதாரணத்துல இழுக்காதீங்க.

சர்வேகல் | திங்கள், மாலை 6:10

அப்போ மோதல் பாதுகாப்புச் சோதனையில 5 ஸ்டார் வாங்கின சின்னக் கார் எதுக்கு?

சாக்பீஸ்தூசி | திங்கள், மாலை 6:40

2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் நடக்கும் பாரத் என்கேப் சோதனையில், முன்பக்க மோதலுக்குக் காரை 64 கி.மீ. வேகத்தில் கொண்டுபோய், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் படும்படி மோதவிடுகிறார்கள். கிட்டத்தட்ட தன் எடையுள்ள இன்னொரு கார் ஓரமாக வந்து இடித்ததுபோல. ஆகவே, சின்னக் காரின் 5 ஸ்டாரும் பெரிய எஸ்யூவியின் 5 ஸ்டாரும் நேருக்கு நேர் மோதினால் சமம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தந்த எடைக்குள் எது கெட்டிக்காரத்தனமாகக் கட்டியது என்பதற்கு அந்த ஸ்டார்.

கறுப்புக்காய் | திங்கள், இரவு 8:55

சார், வியாசர்பாடி கேரம் கிளப்புல இருந்து வர்றேன். லாரி, கார்னு பேசினுகிறீங்க, எனக்கு இன்னா தோணுதுன்னா இது ஸ்ட்ரைக்கரும் காயும்தான். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். ஒண்ணுக்கு மூணு. புதுசா ஆட வர்ற பசங்க காயை நேரா அடிப்பாங்க, காய் பாக்கெட்ல விழும், பின்னாடியே ஸ்ட்ரைக்கரும் போய் விழும். ஃபைன். பசங்க விதியைத் திட்டுவாங்க. பில்லியர்ட்ஸ்ல மட்டும் எப்படி மோதின பால் அப்படியே நின்னுடுது, நம்ம ஸ்ட்ரைக்கர் நிக்கவே மாட்டேங்குது?

இன்னொண்ணு. எவ்ளோ சைடு கட் அடிச்சாலும், தனியா நிக்கிற காயில பட்ட ஸ்ட்ரைக்கர் பெருசாத் திரும்பாது. கொஞ்சம் ஒதுங்கும், அவ்ளோதான். இருபது வருஷமா ஆடுறேன், ஆடுறவன் கைக்கு இது தெரியும். காரணம் தெரியாது.

சாக்பீஸ்தூசி | திங்கள், இரவு 9:40

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. பில்லியர்ட்ஸ் பந்துகள் எல்லாம் ஒரே எடை. நேராகச் சுழலாமல் மோதினால் வந்தது தன் உந்தம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்கும். ஸ்ட்ரைக்கர் மூன்று மடங்கு எடை என்பதால், ஆற்றல் வீணாகாத நேரான மோதலில் அது தன் வேகத்தில் பாதியை வைத்துக்கொண்டு முன்னாலேயே போகும். காயோ ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைவிட ஒன்றரை மடங்கில் பறக்கும். ஆமாம், அடித்ததைவிட அடிபட்டது வேகமாகப் போகும். லாரி இடித்ததும் லாரியைவிட வேகமாக முன்னால் பறக்கிற டிபன் பாக்ஸ் மாதிரி.

ஒதுங்கும் கோணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. கனமானது இலேசானதில் மோதும்போது எவ்வளவு திரும்பலாம் என்பதை எடை விகிதமே முடிவு செய்கிறது. மூன்றுக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. எங்கே, எப்படி உரசினாலும் அதற்கு மேல் போகாது. உண்மை போர்டில் கொஞ்சம் ஆற்றல் சத்தமாகவும் சூடாகவும் போவதால் இன்னும் குறையும். உங்கள் கை இருபது வருஷமாகச் சொன்னது இதுதான்.

ஆனால் பிரேக் எடுக்கும்போது, அதாவது ஆட்டம் தொடங்கும் முதல் அடியில், 19 காயும் ஒட்டி நிற்கும், சேர்த்தால் 100 கிராமுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்போது ஸ்ட்ரைக்கர்தான் கார், காய்க்கூட்டம் லாரி. பின்னால் தெறித்து வருமே!

கறுப்புக்காய் | திங்கள், இரவு 9:58

வரும் சார், சொல்ற மாதிரியே வரும். 20 டிகிரி. நாளைக்கு கிளப்புல ஒரு பந்தயம் கட்டிடுறேன்.

மொட்டமாடி | செவ்வாய், காலை 8:05

எல்லாத்தையும் அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன். அமைதியாக் கேட்டுட்டு, "இதெல்லாம் இப்போ வர்ற தகர வண்டிக்கு. எங்க அப்பா வச்சிருந்த அம்பாசடர்ல மோதினா எதிராளிதான் நசுங்குவான். அதுக்குத்தான் என் வண்டி முன்னாடி இரும்புக் கம்பில புல் பார் போட்டிருக்கேன்"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. இதுக்கு என்ன சொல்ல?

பட்டிபெயின்ட் | செவ்வாய், மதியம் 1:30

ஏனுங்க, இதுக்கு நான் சொல்றனுங்க. கோயமுத்தூர்ல டிங்கரிங் பட்டறைங்க நமக்கு. கணக்கெல்லாம் வராது, நசுங்கின வண்டிய நிமுத்தத்தான் தெரியும்.

பழைய வண்டி முன்னாடி அடிவாங்கி வந்தா பம்பரும் பானட்டும் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. உள்ளார பாத்தா ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு வந்திருக்கும். இப்ப வர்ற வண்டில பானட் நடுவுல கூரை மாதிரி மடிஞ்சு நிக்கும், ஃபெண்டர் போயிருக்கும், ரேடியேட்டர் போயிருக்கும், கதவு மட்டும் ஒரு இழுப்புல தொறக்கும். ஓனருங்க வந்து "பாருங்க, அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு"ன்னு கம்பெனிய வைவாங்க. வையற வாய் உசுரோட இருக்குதுல்லங்க?

பானட்டத் தூக்கிப் பாத்தீங்கன்னா, அடிப்பக்கத் தகட்டுல மடியறதுக்குன்னே பள்ளம் அடிச்சிருப்பாங்க. அதில்லீன்னா மொத்தத் தகடும் மடியாம கண்ணாடியக் கிழிச்சிட்டு உள்ள வந்துரும். இஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் முன்னாடி நீட்டிட்டு ஒரு பெட்டி இரும்பு வரும், அதுலயும் வரிவரியாப் பள்ளம் இருக்கும். அடி விழுந்தா அது துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா சுருங்கும். அத சுத்தியல வெச்சுத் தட்டி நிமுத்திக் குடுன்னு கேக்கறாங்க. நான் மாட்டேன்னுருவனுங்க. ஒருக்கா மடிஞ்சது மறுக்கா அதே மாதிரி மடியாது, மாத்தத்தான் வேணும்.

இப்ப புல் பாருங்க. நாலு போல்ட்டப் போட்டு நேரா சேசிஸ்ல மாட்டறது. முன்னாடி மடியோணும்னு கம்பெனிக்காரன் விட்டு வெச்ச எடத்தத் தாண்டி அடி நேரா உள்ள வருதுங்க. ஏர்பேக் சென்சாருக்கும் கணக்குத் தப்பும். நடந்து போறவங்க மேல பட்டாச் சொல்லவே வேண்டாம். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அது கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதிருச்சு. அப்பவும் மாட்டிக் குடுன்னு வர்றாங்க.

சாக்பீஸ்தூசி | செவ்வாய், மாலை 5:05

இதற்குமேல் நான் வகுப்பெடுக்க என்ன இருக்கிறது! அந்தத் துருத்தி யோசனைக்குச் சொந்தக்காரர் பேலா பாரெனி, மெர்சிடிஸில் வேலை பார்த்த பொறியாளர். 1950-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வந்த மெர்சிடிஸில், முன்னும் பின்னும் நசுங்க, நடுக்கூடு மட்டும் கெட்டியாக நிற்கும்படி கட்டினார்கள். அதே 1959-ல்தான் வால்வோவில் நீல்ஸ் போலின் இன்றைய மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று பாதிதான். பெல்ட் போடாதவருக்கு, வண்டி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றதில் பங்கே கிடைக்காது. வண்டி நின்ற பிறகும் அவர் 60-ல் போய்க்கொண்டிருப்பார். அவரை நிறுத்த டாஷ்போர்டில் மிஞ்சுவது சில சென்டிமீட்டர்.

உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டார். 1954 டிசம்பர் 10, நியூ மெக்சிகோவில் தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டி. மணிக்கு 1017 கி.மீ. வேகத்திலிருந்து 1.4 நொடியில் நின்றார். உச்சத்தில் புவியீர்ப்பைப் போல 46 மடங்கு. கண்ணில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வை போனது, திரும்பி வந்தது. 89 வயது வரை இருந்தார். வேகம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பெல்ட் இருந்தது, நிற்பதற்கு நேரமும் இருந்தது.

சர்வேகல் | செவ்வாய், மாலை 5:50

நான் பைக் ஓட்டுறவன் சார். எனக்கு எங்க இருக்கு 60 சென்டிமீட்டர்?

சாக்பீஸ்தூசி | செவ்வாய், மாலை 6:12

ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது, இரண்டரை சென்டிமீட்டர். மேல் ஓடு இல்லை, உள்ளே இருக்கும் தெர்மாக்கோல். கணக்கு எளிது: விழுந்த உயரத்தை நசுங்கிய தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு புவியீர்ப்பு என்று வந்துவிடும். சும்மா நிற்கும் பைக்கிலிருந்து சரிந்து, தலை ஒன்றரை மீட்டர் கீழே வந்து தார் ரோட்டில் படுகிறது. தெர்மாக்கோல் இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கினால் 60 மடங்கு. வெறும் தலையில் தோல் 3 மில்லிமீட்டர் கொடுக்கிறது என்றால் 500 மடங்கு. ஒரு முறை நசுங்கின தெர்மாக்கோல் திரும்பி எழாது. பட்டறைக்காரர் சொன்னதேதான், மாற்றத்தான் வேண்டும்.

மொட்டமாடி | வியாழன், இரவு 10:20

தீர்ப்பு வந்தாச்சு. கார்-கார்னா நான், கார்-லாரின்னா அத்தான். ஆளுக்கு ரெண்டு பிரியாணின்னு டீ மாஸ்டர் முடிச்சு வச்சாரு.

அதோட விடல. எங்க வீட்டு கேரம் போர்டுக்கு மேல போனைக் கட்டி ஸ்லோ மோஷன்ல எடுத்தோம். தனிக் காய், 22 ஷாட், அத்தான்தான் அடிச்சாரு. பிரிண்ட் எடுத்து பாகைமானி வச்சு அளந்தா அதிகபட்சம் 18 டிகிரி. அத்தான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் "இப்ப பாரு, இப்ப பாரு"ன்னு எக்கி எக்கி அடிச்சாரு, தாண்டல. கடைசியில ஸ்ட்ரைக்கரைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

அப்புறம் பட்டிபெயின்ட் அண்ணே, அவர் கேக்கச் சொன்னாரு. புல் பார் கழட்ட எவ்வளவு ஆகும்?

பட்டிபெயின்ட் | வியாழன், இரவு 10:41

காசெல்லாம் வேண்டாங்க. நாலு போல்ட்டுதான், ஒரு டீ குடிக்கற நேரம். பக்கத்துல இருக்கற பட்டறையிலயே கழட்டிக்கோங்க. இம்புட்டு தூரம் வந்தீங்கன்னா இரும்ப மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க, சாக்கடைக்கு மூடி பண்ணோணும்.